ஒரு மதிப்புரைக்குப் பிற்குறிப்பு

2022-இல் இதே பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி நான்கு பாராக்கள் எழுதியிருந்தேன். எழுதியவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய பெயரையோ தொகுதியின் பெயரையோ இப்போது சொல்லப்போவதில்லை. சொல்லவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். தேடிப் பார்க்கிற சிரத்தையுள்ளவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் வட்டம் அவ்வளவு பெரியதல்ல.

அந்த மதிப்புரையில் மூன்று விஷயங்கள் சொன்னேன். ஒன்று, பெரும்பாலான கவிதைகள் கவிதைகளல்ல, பட்டியல்கள். ஒரு வீடு, ஒரு கிணறு, கிணற்றின் துலா, வேலியில் நிற்கும் பனைகள், பக்கத்துக் காணிக்காரரின் பெயர், ஒழுங்கை என்று அடுக்கிக்கொண்டே போவதில் அனுபவம் எதுவும் உருக்கொள்வதில்லை என்றேன். இரண்டு, இழந்த ஊரைப் பற்றிய ஏக்கம் சௌகரியமான ஒரு உணர்ச்சி. வாசகனின் சம்மதம் அதற்கு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. ஆகவே கவிஞன் எதையும் சம்பாதிக்க வேண்டியிருப்பதில்லை என்றேன். மூன்றாவது சின்ன விஷயம். ஒரு கவிதையில் வேலியோரம் பதினேழு பனைகள்; இருபது பக்கம் தள்ளி இன்னொரு கவிதையில் அதே வேலியில் பதினாறு. இது கவனக்குறைவு, தன் பொருளைப் பற்றியே கவிஞருக்கு நிச்சயமில்லை என்பதன் அடையாளம் என்று எழுதினேன். பகல் முழுவதும் வங்கியில் பிறர் கணக்கை நேர்செய்கிறவன் நான். வித்தியாசம் என் கண்ணில் பட்டுவிடும். பட்டதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2025 ஆகஸ்டில் அவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். பத்து நாள் விடுமுறை. சிதம்பரம், மதுரை, திருச்சியில் முகாமிலேயே தங்கிவிட்ட ஒன்றுவிட்ட சகோதரி வீடு. அந்த வருஷம் மார்ச் 30 அன்றுதான் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர் விமானம் தொடங்கியிருந்தது. மறுநாள் மத்தியானம் அதில் கிளம்புகிறார். “கடைசி நாள் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மலைக்கோட்டையும் சீரங்கமும் காட்டுவீங்களோ” என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தார். மதிப்புரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஒருநாள் விடுப்பு எடுத்தேன்.

சுற்றிப் பார்ப்பது என்ற காரியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஊர்க்காரன் தன் ஊரைப் பார்ப்பதில்லை, அதில் புழங்குகிறான். வெளியூர்க்காரன் பார்க்கிறான், ஆனால் ஏற்கெனவே படத்தில் பார்த்ததையே பார்க்கிறான். இந்த இரண்டு குருட்டுத்தனங்களுக்கும் நடுவில்தான் வழிகாட்டி என்பவனுக்குப் பிழைப்பு. அன்றைக்கு அந்த வேஷம் எனக்கு. நான் கடைசியாக மலைக்கோட்டை ஏறியது கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தபோது.

காலை ஏழரைக்கு அவருடைய லாட்ஜ் வாசலில் சந்தித்தோம். ஐம்பதை நெருங்குகிறவர். கட்டை உருவம். வலது கையில் பழைய பெயிண்ட் கறையைப்போல ஒரு வெள்ளைத் தழும்பு. “சார்” என்று ஆரம்பித்தேன். “சார் எண்டு கூப்பிடாதேங்கோ தம்பி, முகாம் ஆபீஸிலை நிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அதன்பிறகு அண்ணே.

ஆட்டோக்காரரிடம் நான் பேரம் ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “அண்ணே, மெயின்கார்டு கேட் வரைக்கும் எவ்ளோ? அவ்ளோல்லாம் இல்லண்ணே, பார்த்துச் சொல்லுங்க.” உறையூர்க்காரனான என்னைவிட உறையூர்க்காரராக இருந்தது அந்தத் தமிழ். நான் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோவில் உட்கார்ந்ததும் தன் பாஷைக்குத் திரும்பிவிட்டார். “தொண்ணூற்றொண்டிலை பழகினது. வாயைத் திறந்தால் எங்கை இருந்து வந்தனீ எண்டு கேள்வி வரும். பஸ்ஸிலை கதைக்கமாட்டன். கடையிலை சாமான் வாங்க மட்டும் இப்பிடி ஒரு தமிழ் வைச்சிருந்தனான்.”

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. பலாலி விமானத்தளத்தை ஒட்டிய ஊர். வலிகாமம் வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தச் சமயத்தில்தான் வெளியேறின. பின்னால் அந்தப் பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாக அடைக்கப்பட்டது. தாயும் தங்கையும் இவருமாகப் படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் வழியாகத் திருச்சியில் ஒரு முகாமுக்கு. 1991 மேயில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிறகு ஈழத்தமிழ் என்பதே சந்தேகத்துக்குரிய உச்சரிப்பாயிற்று. 1992-க்கும் 1995-க்கும் இடையில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அகதிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இவர்கள் போகவில்லை, போவதற்கு ஊர் கம்பிவேலிக்கு உள்ளே இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார். போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, 2011-இல், தனியாகத் திரும்பினார். தாய் அதற்குள் இங்கேயே போய்விட்டிருந்தாள்.

இதில் எதுவும் தொகுதியின் முன்னுரையில் கிடையாது. முன்னுரையே கிடையாது. அதை அப்போது நான் பாராட்டியிருந்தேன்.

மாணிக்க விநாயகர் சன்னதியில் ஆரம்பித்து நானூற்றுச் சொச்சம் படிகள். அவர் எண்ணிக்கொண்டே ஏறினார். உதடு லேசாக அசைவதில் தெரிந்தது. தாயுமானவர் சன்னதியில் நின்றபோது மட்டும் எண்ணிக்கை நின்றது. சைவக் குடும்பம், கதை எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். காவிரியில் வெள்ளம், பிரசவத்துக்குத் தாய் வந்துசேர முடியவில்லை, தாயின் உருவத்தில் சிவன் வந்து பிரசவம் பார்க்கிறான். “தண்ணி வடிஞ்சாப் பிறகு உண்மையான தாய் வருவா எல்லோ. வந்து பாத்தால் வீட்டுக்குள்ளை இன்னொரு தாய் நிப்பா. எனக்குச் சின்ன வயசிலை அந்த இடந்தான் பயம்” என்றார்.

உச்சிக்குப் போகும் வழியில் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரை இருக்கிறது. கங்காதரர் சிற்பம், பக்கத்தில் வடமொழிக் கல்வெட்டு. சிவனுக்கு ஆறுகளின்மேல் பிரியம். காவிரியைப் பார்த்தால் மனம் அவள்மேல் போய்விடுமோ என்று பயந்து, மலைமகள் தகப்பன் வீட்டை விட்டு வந்து இந்தக் குன்றிலேயே தங்கிவிட்டாள் என்று கல்வெட்டின் கவிதை சொல்கிறது. இதை வழிகாட்டியின் மிடுக்கோடு நான் விளக்கினேன். கேட்டுவிட்டு, “தகப்பன் வீட்டுக்குத் திரும்பிப் போனவவோ?” என்றார். கல்வெட்டில் அது இல்லை. ஒரு நல்ல விமர்சகன் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. இந்தக் கல்வெட்டைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிற எனக்கு அது தோன்றவில்லை.

உச்சிப்பிள்ளையார் கோயிலின் கைப்பிடிச்சுவரை ஒட்டி நின்றோம். எல்லோரும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் காவிரி கரைதொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்பால் ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம். அவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, பொன்மலைக்கும் விமான நிலையத்துக்குமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலால் காட்ட ஆரம்பித்தார். அந்த நீலத்தண்ணீர்த்தொட்டி உள்ள கட்டடம், தொண்ணூற்றாறில். அதற்கு இந்தப்பக்கம் கல்யாண மண்டபம், இரண்டு தடவை, முதல் தடவை காசு தரவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கம். ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி. அதில் சாரம் கட்டி நிற்கும்போது மலைக்கோட்டை நேர் எதிரே தெரியுமாம்.

“எட்டு வருஷம் ஒவ்வொரு நாளும் பாத்தனான். ஏறினதில்லை.”

“ஏன்? ஞாயிற்றுக்கிழமை லீவு இருந்திருக்குமே.”

“ஆறு மணிக்கு முன்னம் முகாமுக்குள்ளை நிக்கவேணும். அதுவும் இல்லை பெரிசு. ஏன் அங்கை போனனீ எண்டு ஆரும் கேட்டால் என்ன மறுமொழி சொல்லுறது? வேலைக்குப் போனனான் எண்டால் காணும். பாக்கப் போனனான் எண்டு சொல்ல ஏலுமோ?”

பார்க்கப் போனேன் என்று சொல்ல முடிவதற்கு ஒரு அந்தஸ்து வேண்டும். பாஸ்போர்ட், விசா, திரும்பிப்போகும் டிக்கெட். இப்போது அவரிடம் மூன்றும் இருந்தன. சுற்றிப் பார்ப்பதைப் பற்றி நான் வைத்திருந்த அலட்சியம் எவ்வளவு வசதியான இடத்திலிருந்து வந்தது என்று அந்தச் சுவரோரம் நின்றபோது உறைத்தது. என் ஊரின் வெளிச்சுவர்கள் அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. நான் உள்ளே இருந்தே வளர்ந்தவன்.

பிள்ளையாரின் கதையை அங்கேதான் சொல்லவேண்டும், சொன்னேன். பட்டாபிஷேகம் முடிந்து ஊருக்குத் திரும்பும் விபீஷணனுக்கு ராமன் தன் குலதனமான ரங்கவிமானத்தைக் கொடுக்கிறான். எடுத்துக்கொண்டு ஆகாயமார்க்கமாக இலங்கைக்குப் போகும்போது காவிரிக்கரையில் இறங்குகிறான். வழியில் எங்கும் தரையில் வைக்கக்கூடாது என்பது நிபந்தனை. நித்தியகர்மத்துக்காக அங்கே நின்றிருந்த ஒரு பையனிடம் கொடுக்கிறான், பையன் கீழே வைத்துவிடுகிறான், விமானம் அசையவில்லை. பையன் ஓடி இந்தக் குன்றின் உச்சியில் ஏறிக்கொள்ள, துரத்திவந்த விபீஷணன் தலையில் குட்டுகிறான். பிள்ளையார் நெற்றியில் அந்தத் தழும்பு இருப்பதாகச் சொல்வார்கள். அழுதுகொண்டு நின்ற விபீஷணனைச் சமாதானம் செய்ய, உன் ஊர் இருக்கும் தெற்குத் திசையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று ரங்கநாதன் வாக்குக் கொடுக்கிறான். இன்றும் ஸ்ரீரங்கத்தில் மூலவரின் தலை மேற்கே, கால் கிழக்கே, பார்வை தெற்கே.

அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “எங்கட பக்கம் விபீஷணன் எண்டால் துரோகி. ஒராளைச் சுடுறதுக்கு அந்தச் சொல்லே காணுமாயிருந்த காலம் ஒண்டு இருந்தது” என்றார். பிறகு, “ஆனால் அவன் திரும்பிப் போனவன். வெறுங்கையோடை.”

“பெருமாள் அவன் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே” என்றேன்.

“பாத்துக்கொண்டுதானே இருக்கிறார்” என்றார். குரலில் கசப்பு எதுவும் இல்லை.

இதை அவர் என்னைக் குறித்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 2009-இல் தொடங்கி இந்தப் பக்கம் எழுதப்பட்ட கவிதைகளில் எத்தனை, தெற்கே பார்த்துப் படுத்துக்கொண்டு எழுதப்பட்டவை என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். விமர்சகர்களாகிய நாங்கள் அவற்றைத் தரம்பிரித்ததும் அதே சயனத்தில்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போனோம். பாலத்தைக் கடக்கும்போது அவர் ஆற்றைப் பார்க்காமல் ராஜகோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எத்தனை பழையது என்று கேட்டார். அடித்தளம் விஜயநகரகாலத்தது, அதற்குமேல் கட்டப்படாமல் பல நூற்றாண்டுகள் மொட்டைக்கோபுரமாகவே நின்றது, அகோபில மடத்து 44-ஆம் ஜீயரின் முயற்சியில் பதின்மூன்று நிலைகளோடு 236 அடிக்கு முடிக்கப்பட்டது 1987-இல் என்றேன். அவர் சிரித்தார். “அப்ப நாங்கள் வரேக்கை அதுக்கு மூண்டு வயசு. அம்மா முகாமிலை இருந்து வந்து பாத்திட்டு, ஆயிரம் வருஷக் கோபுரம் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவ.” தாய் ஒரே ஒரு முறை யாருடனோ வந்திருக்கிறாள். இவர் அன்றைக்கு வேலையில்.

பெயிண்டரின் கண்ணால் ஸ்ரீரங்கத்தைப் பார்ப்பது எனக்குப் புதிது. கோபுரத்துச் சுதைக்கு வர்ணம் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வெளுக்கும், மழைநீர் வழியும் தடம் எங்கே கறுக்கும் என்பதைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழு பிரகாரங்கள், வெளிப் பிரகாரங்களில் வீதிகளும் வீடுகளும் கடைகளும். மதிலுக்குள்ளே ஜனங்கள் குடியிருப்பது அவருக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. சித்திரை வீதியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் தன் திருச்சித் தமிழில், “எத்தன வருஷமா இந்த வீட்ல இருக்கீங்கம்மா?” என்று கேட்டார். “எங்க மாமனார் காலத்துலேர்ந்து” என்றாள் அவள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் தூண்களை எண்ணினார்.

தைலக்காப்பு சாத்தியிருக்கிற நாட்கள். மூலவரின் திருமுகம் மட்டும்தான் சேவை; மற்றதெல்லாம் திரை. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, நான்கு விநாடி அந்த முகம். கன்னங்கரேலென்று, விளக்கு வெளிச்சத்தில், தெற்கே பார்த்துக்கொண்டு. எனக்குப் பக்தி கிடையாது. அவருக்கு இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பெருமாளைப் ‘பார்த்தேன்’ என்று சொல்லமாட்டார்கள், ‘சேவித்தேன்’ என்பார்கள். பார்வை ஒரு ஊழியம் என்கிற அர்த்தம் அந்தப் பிரயோகத்தில் இருக்கிறது. வெளியே வந்து சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

அங்கே உட்கார்ந்துதான் நம்பெருமாள் கதையைச் சொன்னேன். இது புராணமல்ல, பாதிக்குமேல் சரித்திரம். 1323-இல் டில்லிப் படை வந்தபோது, உற்சவ விக்கிரகத்தை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியாரும் ஒரு சிறு கூட்டமும் வெளியேறினார்கள். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் பிள்ளை லோகாசாரியார் காலமானார். விக்கிரகம் மலையாளதேசம், மைசூர்ப் பிரதேசம், திருப்பதி என்று ஊர் ஊராகப் போயிற்று. கோபண்ணனின் முயற்சியில் 1371-இல் திரும்பியது. நாற்பத்தெட்டு வருஷம். எடுத்துக்கொண்டு போனவர்களில் யாரும் இல்லை; முன்பு பார்த்திருந்தவர்களும் ஏறக்குறைய இல்லை. இடைப்பட்ட காலத்தில் வேறொரு விக்கிரகம் பிரதிஷ்டையாகிப் பூஜையும் நடந்துகொண்டிருந்தது. எது பழையது என்று நிச்சயிக்க யாராலும் முடியவில்லை. கோயிலொழுகு சொல்வது இது: பெருமாளின் வஸ்திரங்களைத் துவைத்துவந்த ஒரு ஈரங்கொல்லி, கிழவன், கண் தெரியாதவன். திருமஞ்சனம் செய்த ஈரவாடைத் தீர்த்தத்தை இரண்டு விக்கிரகங்களுக்கும் தனித்தனியே கொடுத்தார்கள். அவன் வாசனையும் ருசியும் பார்த்து, இவர்தான் நம்பெருமாள் என்றான். அந்தப் பெயரே நிலைத்தது.

கதை முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

“ஆவணம் இல்லை, என்ன?”

“இல்லை.”

“எங்களுக்கும் இல்லை. உறுதி கடலிலை போட்டுது. படகிலை பையோடை நனைஞ்சு, மண்டபத்திலை விரிச்சால் மை இல்லை.”

உறுதி என்றால் காணிப் பத்திரம். நாம் நிச்சயம், திடம் என்று பிரயோகிக்கிற அதே சொல்லை அவர்கள் பத்திரத்துக்கு வைத்திருக்கிறார்கள். அன்றிரவிலிருந்து அவருடைய தாய் அதை வாயால் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். எழுத்து அவளுக்கு அவ்வளவாக வராது. ஆனால் உறுதி அவளுக்குப் பாடம். இத்தனை பரப்பு, இத்தனை குழி. கிழக்கு எல்லை இன்னார் காணி, வடக்கு எல்லை ஒழுங்கை, மேற்கு எல்லை இன்னார், தெற்கு இன்னார். இதற்குள் அடங்கிய கல்வீடு, கிணற்றில் பாதிப் பங்கு, துலா, வான்பயிர், வேலியோரப் பனை பதினேழு. முகாமில் விளக்கணைத்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் ஒப்புவிக்கச் சொல்வாளாம், தேவாரம் ஒப்புவிப்பதுபோல. தவறினால் முதலிலிருந்து.

நான் ஒன்றும் பேசவில்லை. என் மதிப்புரையின் முதல் குற்றச்சாட்டு அந்த மண்டபத்தில் எங்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் இது இரக்கத்தால் எழுதப்பட்ட வாபஸ் ஆகிவிடும். கவிதையைக் காகிதத்தில் இருப்பதைக்கொண்டு மட்டுமே மதிப்பிடவேண்டும், கவிஞனின் துன்பம் கவிதைக்குச் சிபாரிசு அல்ல என்றே நான் படித்தேன், இன்றும் நம்புகிறேன். அவர் பட்ட கஷ்டம் தெரிந்துவிட்டதால் பட்டியல் கவிதையாகிவிடாது. ஆனால் என் தவறு இரக்கமின்மை அல்ல, வாசிப்பு. உறுதியின் வடிவம் காகிதத்திலேயே இருந்தது. கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்ற வரிசை, ‘இதற்குள் அடங்கிய’ என்ற திருப்பம், அளவில் ஆரம்பித்து மரங்களில் முடிகிற ஒழுங்கு, எல்லாம் ஒவ்வொரு கவிதையிலும் பிசகாமல் இருந்தன. வெண்பா தெரியாதவன் வெண்பாவைப் பார்த்து, ஏன் இந்த ஆள் இப்படி நொண்டி நடக்கிறான் என்று கேட்பதைப்போல, எனக்குத் தெரியாத ஒரு வடிவத்தை வடிவமின்மை என்று எழுதியிருக்கிறேன். நம் விமர்சனத்தில் இது அபூர்வமான குற்றமல்ல. வடிவம் என்றால் மேற்கிலிருந்து வந்ததோ யாப்பிலிருந்து வந்ததோதான் என்று இருக்கிறோம். ஒரு நொத்தாரிசின் மேஜையிலிருந்தும் வரமுடியும் என்பது நமக்குப் படுவதில்லை.

ஏக்கம் என்று சொன்னதும் அதே பிசகு. ஏங்குகிறவன் தன் பொருளை மங்கலாக்கிக்கொண்டே போவான். மங்கலில்தான் ஏக்கத்துக்கு ருசி. இந்தக் கவிதைகள் ஒன்றையும் மங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை சாட்சியம். ஈரங்கொல்லி நாற்பத்தெட்டு வருஷம் நாக்கில் வைத்திருந்த ருசியைப்போல, என்றாவது ஒருநாள் ஒரு அதிகாரி கேட்டால் சொல்வதற்காக வைத்திருந்தவை.

பனைக்கு நான் வரவில்லை. அவர்தான் வந்தார்.

“நீங்கள் எழுதினதை வாசிச்சனான் தம்பி. அதிலை ஒண்டு சரியாய்ப் பிடிச்சிருந்தனீங்கள்.”

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

“பதினேழு, பதினாறு. இந்த ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் பாத்தது நீங்கள் ஒராள்தான். மற்ற ஆக்கள் எல்லாரும் கண்ணீர் வந்தது எண்டு எழுதினவை.”

பலாலியைச் சுற்றிய காணிகளை, போருக்குப் பிறகு, பகுதி பகுதியாகத்தான் விட்டார்கள். 2025-இலும் எல்லாம் விடப்படவில்லை. இவருடைய ஊரில் ஒரு துண்டு விடப்பட்டபோது எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் வீடுகள் இல்லை, மதில்கள் இல்லை, ஒழுங்கைகள் இல்லை. பற்றைக்காடும் புல்டோசர் தள்ளிய மண்மேடும். தன் காணி எது என்று யாருக்கும் தெரியவில்லை. இவர் தாயின் பாடத்தைச் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறார். கிணறு தூர்ந்திருந்தது, ஆனால் கட்டு தெரிந்தது. கிணற்றிலிருந்து கிழக்கே. வேலி இருந்த இடத்தில் பனைகள் தறிக்கப்பட்டு அடிக்கட்டைகள் வரிசையாக. எண்ணினார். பதினாறு.

“அம்மா பிழை விட்டிருப்பா எண்டு நினைச்சன். ரெண்டு தரம், மூண்டு தரம் எண்ணினன். அம்மா பிழை விடுற ஆள் இல்லை.”

“பதினேழாவது?”

“பதினாறாவது கட்டையோடை ஆமியின்ரை கம்பி தொடங்குது. பதினேழாவது அதுக்கு அங்காலை.”

முதல் கவிதை முகாமில் எழுதியது, தாயின் எண்ணிக்கை. இரண்டாவது திரும்பிப்போன பிறகு எழுதியது, அவருடைய எண்ணிக்கை. இரண்டும் சரி. நடுவில் உள்ள வித்தியாசம்தான் அந்தத் தொகுதியின் பொருள். ஒரு வரியிலும் கம்பி வரவில்லை, ராணுவம் வரவில்லை. எண் மட்டும் ஒன்று குறைகிறது. அதைக் கண்டுபிடித்தவனும் நான்தான், அதைக் கவனக்குறைவு என்று எழுதியவனும் நான்தான். பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தால் அது எங்கே போயிற்று என்று தேடாமல் வீட்டுக்குப் போகாதவன், கவிதையில் உதைத்தபோது எழுதியவனைக் கண்டித்துவிட்டுப் போய்விட்டேன்.

“ஏன் அப்பவே ஒரு கடிதம் எழுதவில்லை?” என்றேன்.

“என்ன எண்டு எழுதுறது? கவிதைக்கு விளக்கமோ?” என்று சிரித்தார்.

கடைசி இரண்டு கவிதைகள் இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். எல்லைகளைச் சொல்லிக்கொண்டு வந்து, முடிவில் வரும் நான்கு வரிகளில் மண்ணே தாயே என்று குரல் உயர்ந்துவிடுகிறது. “அது வேண்டாம் எண்டுதான் நானும் சொன்னனான். புத்தகம் போட்ட ஆக்கள் ஒரு முடிவு வேணும் எண்டவை” என்றார். எடுத்துவிடலாமே அடுத்த பதிப்பில் என்றேன். அடுத்த பதிப்பா என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தோம்.

இருட்டும்போது அம்மாமண்டபம் படித்துறைக்கு வந்தோம். தண்ணீர் மேல்படி வரை இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலளவில் நின்றார். மறுநாள் அவர் சொன்ன ‘வீட்டுக்குப் போறன்’ என்பதில் வீடு எது என்று கேட்கவேண்டும்போல இருந்தது. அங்கே அவர் இருப்பது நகரத்தில் ஒரு வாடகை வீடு. காணியில் பதினாறு அடிக்கட்டைகளுக்கு இந்தப்பக்கம் ஒரு கொட்டில் போட்டு மிளகாய் வைத்திருக்கிறார். வீடு இருந்த இடம் கம்பிக்கு அந்தப்பக்கம். கேட்கவில்லை. சில கேள்விகள் கேட்கிறவனின் இலக்கிய ஆசையிலிருந்து வருகின்றன.

மறுநாள் காலை விமான நிலையத்தில் விடப் போனேன். 2024-இல் திறந்த புதிய முனையம். முகப்பில் கோபுரச் சாயல், சுவர்களில் சித்திரங்கள். உள்ளே போவதற்கு முன் அவர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு ஒரு சுவர் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “நல்லாய் அடிச்சிருக்கிறாங்கள். மூலையும் விடேல்லை” என்றார். பையில் சகோதரி கொடுத்த முறுக்கு, ஸ்ரீரங்கத்தில் வாங்கிய ஒரு சிறிய பெருமாள் படம், தெற்கே பார்த்தபடி. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஒரு இரவு முழுக்கப் படகில் கடந்த கடலை ஒரு மணி நேரத்தில் தாண்டி, கம்பிவேலியைப் போட்டவர்களின் ஓடுபாதையிலேயே இறங்கப்போகிறார். ஜன்னல் ஓர இருக்கை கேட்டு வாங்கியிருந்தார். இறங்கும்போது மேலிருந்து பார்த்தால் கம்பிக்கு அங்கால் தெரியலாம் என்று ஒரு கணக்கு.

“போட்டு வாறன் தம்பி.”

“சரிண்ணே, வாங்க.”

சாயங்காலம் செய்தி வந்தது. “வந்து சேந்திட்டன். யன்னல் வலப்பக்கம். ஊர் இடப்பக்கத்தாலை போட்டுது.”

2022-இல் வெளியான என் மதிப்புரையின் மூன்றாவது பாராவில் ‘கவனக்குறைவு’ என்று வரும் சொல்லையும், அதைத் தொடர்ந்து வரும் வாக்கியத்தையும் வாசகர்கள் நீக்கி வாசிக்கவேண்டும். எண்கள் சரியானவை.